இழை: என் நிரல், அவர்கள் பெட்டி. உரிம உரைக்கு நீதிமன்றத்தில் என்ன வலு?

#1 தறிநூல்

எட்டு ஆண்டுகளாக ஒரு சிறிய லைப்ரரியை, அதாவது பிற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுதியைப் பராமரித்து வருகிறேன். இணைப்பு நடுவில் அறுந்துபோனால், விட்ட இடத்திலிருந்து தகவலைத் திரும்ப அனுப்புவதுதான் அதன் ஒரே வேலை. ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்கீழ் வெளியிட்டிருக்கிறேன். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பிறருக்குக் கொடுக்கும்போது மூல நிரலையும் (மனிதர் எழுதிய வடிவில் உள்ள நிரல்) கொடுக்க வேண்டும், என் பதிப்புரிமைக் குறிப்பை அழிக்கக் கூடாது. நான் கேட்டது அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு நிறுவனத்தின் ரூட்டருக்கான ஃபர்ம்வேரை (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்) அவர்கள் தளத்திலிருந்தே இறக்கிப் பிரித்தேன். உள்ளே இருந்த ஒரு கோப்பில், அதிலுள்ள எழுத்து வரிகளை எடுத்துக்காட்டும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையை ஓட்டினேன். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடின. நடுவில் ஒரு பிழைச்செய்தி. அதில் ‘ரிசீவ்’ என்ற ஆங்கிலச் சொல்லில் இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருந்தன. அது நான் செய்த எழுத்துப்பிழை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சுட்டிக்காட்டித் திருத்தினேன். அதற்கு முந்தைய பதிப்பைத்தான் அவர்கள் எடுத்திருக்கிறார்கள் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது.

மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். உதவிப் பிரிவிலிருந்து ஒரு பதில்: பொருளின் பயன்பாட்டு விதிமுறைகளைப் பார்க்கவும் என்று. என் விதிமுறைகளை யார் பார்ப்பது?

எனக்குப் பணம் வேண்டாம். கேட்க விரும்புவது ஒன்றுதான். நிரலோடு ஒரு கோப்பாக வைக்கும் இந்த உரிம உரையை நீதிமன்றம் ஏதாவது பொருட்டாக எடுத்துக்கொள்ளுமா? அல்லது அது நல்லவர்களுக்கு மட்டும் எழுதிய வேண்டுகோளா?

#2 கல்மலர்

மனம் வலிக்கிறது என்றாலும் சொல்கிறேன்: விட்டுவிடுங்கள். அவர்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. உங்களிடம் காசு கொடுத்து வாங்கவும் இல்லை. கையெழுத்தும் இல்லை, காசும் இல்லை என்றால் ஒப்பந்தம் எங்கிருந்து வரும்? வழக்குப் போட்டால் அவர்களிடம் பத்து வழக்கறிஞர்கள். உங்களிடம் ஒரு எழுத்துப்பிழை.

எனக்கும் இப்படி நடந்தது. இரண்டு ஆண்டு அலைந்தேன். அந்த நேரத்தில் இன்னொரு மென்பொருளே எழுதியிருக்கலாம்.

#3 வழக்குரை

கல்மலர் சொல்வதில் ஓர் அடிப்படைத் தவறு இருக்கிறது. அது மிகப் பரவலான தவறு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பதிப்புரிமை வழக்குகளில் நெடுங்காலமாகப் பணியாற்றுகிறேன். இது பொதுவான விளக்கம், உங்கள் வழக்குக்கான ஆலோசனை அல்ல.

உரிமம் என்பது முதலில் ஓர் அனுமதி. நீங்கள் நிரலை எழுதிய கணத்திலேயே அதைப் படியெடுக்கும் உரிமையும் பரப்பும் உரிமையும் உங்களுக்கு மட்டும் உரியவை ஆகிவிடுகின்றன. பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் அந்த உரிமை பிறப்பதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. எனவே மற்றவருக்கு இயல்பு நிலை ‘எடுக்கக் கூடாது’ என்பதுதான். சட்டம் போட்ட வேலி அது. உங்கள் உரிமம் அந்த வேலியில் நீங்கள் திறந்துவைத்த கதவு. ‘நான் அந்த உரிமத்தில் கையெழுத்திடவில்லை, அது என்னைக் கட்டுப்படுத்தாது’ என்று ஒருவர் சொன்னால், கதவு எனக்கு வேண்டாம் என்கிறார். அப்படியானால் உள்ளே எப்படி வந்தார்?

இதையேதான் மியூனிக் நீதிமன்றம் 2004-இல் சொன்னது. லினக்ஸ் இயங்குதளத்தில் வலைப் போக்குவரத்தை வடிகட்டும் நெட்ஃபில்டர் பகுதியை எழுதியவர்களில் ஒருவரான ஹெரால்ட் வெல்டே, சைட்காம் என்ற நிறுவனத்தின்மீது போட்ட வழக்கு. ஏப்ரலில் தடையாணை, மே மாதத்தில் அதை உறுதிசெய்யும் தீர்ப்பு. ஜிபிஎல் செல்லாது என்றே வைத்துக்கொண்டாலும், அந்த நிரலைப் பரப்பும் உரிமையே நிறுவனத்துக்கு இல்லாமல் போகிறது. ஆகவே உரிமத்தைத் தாக்கி அவர்கள் தப்ப முடியாது என்பது அங்கு எழுந்த தர்க்கம். 2006-இல் பிராங்க்ஃபர்ட் நீதிமன்றமும் டி-லிங்க் வழக்கில் ஜிபிஎல் செல்லும் என்றது.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த வழக்கு. பொம்மை ரயில் வழக்கு. பெர்க்லி இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் ஜேக்கப்சன், மாதிரி ரயில்களை இயக்கும் ஒரு மென்பொருளைத் தன்னார்வலர்களுடன் சேர்ந்து எழுதி, ஆர்ட்டிஸ்டிக் உரிமம் என்ற திறந்த மென்பொருள் உரிமத்தின்கீழ் இலவசமாக வெளியிட்டார். எதிர்த்தரப்பு அதிலிருந்து கோப்புகளை எடுத்துத் தன் வணிக மென்பொருளில் சேர்த்தது. எழுதியவர்களின் பெயரும் இல்லை, பதிப்புரிமைக் குறிப்பும் இல்லை, என்ன மாற்றினார்கள் என்ற விவரமும் இல்லை. 2007-இல் கீழ் நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? இது ஒப்பந்த மீறலாக வேண்டுமானால் இருக்கலாம், பதிப்புரிமை மீறல் அல்ல என்று தடையாணையை மறுத்துவிட்டது. இலவசமாகக் கொடுத்த பொருளில் ஒப்பந்த மீறல் என்றால் இழப்பீடு எவ்வளவு? ஏறக்குறைய பூஜ்யம். அந்தத் தீர்ப்பு நிலைத்திருந்தால், கல்மலர் சொல்வது உண்மையாகவே ஆகியிருக்கும்.

2008 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. காரணமாகச் சுட்டியவற்றில் முக்கியமானது, அந்த உரிமத்தில் இருந்த ‘ப்ரொவைடட் தட்’ என்ற இரண்டு சொற்கள். ‘இன்னின்னவற்றைச் செய்தால்’ என்று பொருள். அனுமதியே அந்த நிபந்தனையோடு கட்டப்பட்டிருக்கிறது. நிபந்தனையை மீறினால் அனுமதி இல்லை, அனுமதி இல்லாமல் படியெடுத்தால் பதிப்புரிமை மீறல். கேட்பது பணமல்ல, பெயரும் வெளிப்படையும்தான் என்றாலும் அதற்கும் பொருளாதார மதிப்பு உண்டு என்றும் அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. 2010-இல் சமரசம்: 1,00,000 டாலரும், இனி அந்தக் கோப்புகளைத் தொடுவதில்லை என்ற நிரந்தரத் தடையும்.

#4 தறிநூல்

ஐயா, மிக்க நன்றி. இரண்டு முறை படித்தேன். ஒரு சந்தேகம். நிபந்தனை மீறல் வேறு, வெறும் ஒப்பந்த மீறல் வேறு என்று பிரிக்கிறீர்கள். உரிமத்தில் இருக்கும் எல்லா வரியும் நிபந்தனைதானே?

#5 வழக்குரை

இல்லை. பலரும் இடறும் இடம் இது.

உரிமத்தில் ‘இதைச் செய்யக் கூடாது’ என்று எழுதிவிட்டால் மட்டும் அது பதிப்புரிமையின் நிபந்தனை ஆகிவிடாது. 2010-இல் பிளிஸார்ட் நிறுவனத்தின் இணைய விளையாட்டைப் பற்றிய வழக்கில், அமெரிக்காவின் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு எல்லை போட்டது. ஆட்டக்காரருக்குப் பதிலாகத் தானே ஆடும் நிரலைப் பயன்படுத்தக் கூடாது என்பது அந்த விளையாட்டின் விதி. அதை மீறுவது ஒப்பந்த மீறல்; ஆனால் படியெடுத்தல், பரப்புதல் போன்ற உரிமையாளரின் தனியுரிமைகள் எதையும் அது தொடவில்லை, ஆகவே பதிப்புரிமை மீறல் அல்ல என்றது. அந்த நிரலை விற்றவர்கள் பாதுகாப்புப் பூட்டை மீறியதற்காக வேறொரு சட்டப்பிரிவில் சிக்கினார்கள் என்பது தனிக்கதை.

உங்கள் ஜிபிஎல்லில் இந்தத் தொல்லை குறைவு. அதன் நிபந்தனைகள் படியெடுத்துப் பரப்புவதையே பற்றியவை. பரப்பினால் மூல நிரல்; இல்லையேல் பரப்பாதே. நிபந்தனைகளுக்கு மாறாகப் பரப்பினால் உரிமம் தானாகவே முடிந்துவிடும் என்று இரண்டாம் பதிப்பின் நான்காம் பிரிவு நேராகவே சொல்கிறது.

சொந்தமாக உரிமம் எழுதிக்கொள்ளும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: தயவுசெய்து எழுதாதீர்கள். ‘தீய செயல்களுக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்பது போன்ற வரிகள் உள்ளத்துக்கு இதமாக இருக்கும். நீதிபதி அவற்றை எதில் வைத்து அளப்பார்?

#6 நெடுஞ்செழி

சட்டத்தை வழக்குரை சொல்லிவிட்டார். நான் உரிம இணக்கத் துறையில் பொறியாளர். ஆதாரத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நியாயம் முழுதும் நம் பக்கம் இருந்தும் ஆதாரம் இல்லாமல் விழுந்த புகார்களைப் பார்த்திருக்கிறேன்.

தறிநூல், அந்த ஃபர்ம்வேர் கோப்பை இன்றே பத்திரப்படுத்துங்கள். எந்த முகவரியிலிருந்து, எந்தத் தேதியில் இறக்கினீர்கள் என்று குறித்து, கோப்பின் ஹாஷ் எண்ணையும் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறிவிடும் அடையாள எண்) எழுதிவையுங்கள். நாளை அவர்கள் கோப்பை மாற்றிவிடக்கூடும். முடிந்தால் அந்த ரூட்டரை ரசீதோடு வாங்குங்கள். வாங்கியதும் சாதனத்தை விட்டுவிட்டு முதலில் பெட்டிக்குள் இருக்கும் தாள்களைப் படியுங்கள். ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் மூன்றாம் பிரிவின்படி, மூல நிரலைக் கூடவே தர வேண்டும். அல்லது கேட்பவர் எவருக்கும் தருவதாகக் குறைந்தது மூன்று ஆண்டு செல்லும் எழுத்துவழி உறுதி தர வேண்டும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அந்த உறுதி இருந்துவிட்டால், உங்கள் புகாரின் வடிவமே மாறிவிடும். அப்போது முறைப்படி கேளுங்கள். கேட்டும் தராததுதான் மீறலாக நிற்கும்.

ஒரு எழுத்துப்பிழை நல்ல சாட்சி. ஆனால் ஒன்று போதாது. உங்கள் பழைய பதிப்பை அதே வகைச் செயலிக்குத் தொகுத்து (அதாவது சாதனம் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றி), செயற்கூறுகளின் பெயர்கள், அட்டவணை எண்கள், பிழைச்செய்திகளின் வரிசை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிடுங்கள். வரிசை ஒத்துப்போனால் தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்று. ‘மூல நிரல்’ என்றால் முழுமையாக. தொகுப்பையும் நிறுவலையும் நடத்தும் ஸ்கிரிப்டுகளும் அதில் அடக்கம் என்று உரிமமே சொல்கிறது. நிறுவனங்கள் முதலில் அனுப்பும் பொதி பெரும்பாலும் தொகுக்கவே தொகுக்காது. ஒரு முறை எனக்கு வந்த பொதியில் மேக்ஃபைல் (தொகுப்பை நடத்தும் கோப்பு) ஒரு கோப்பகத்தைத் தேடியது. அந்தக் கோப்பகமே பொதியில் இல்லை. வந்த அன்றே தொகுத்துப் பாருங்கள்.

விட்டுவிடுங்கள் என்பவர்களுக்கு லிங்க்ஸிஸ் ரூட்டரை நினைவுபடுத்துகிறேன். 2003-இல் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரூட்டரில் லினக்ஸ் இருப்பதைப் பயனர்கள் கண்டுபிடித்துக் கேட்டார்கள், நெருக்கினார்கள். நிரல் வெளிவந்தது. அதன்மேல்தான் ரூட்டர்களுக்கான திறந்த மென்பொருளான ஓபன்டபிள்யூஆர்டி திட்டம் எழுந்தது. அது இன்றைக்கும் எத்தனை வகை ரூட்டர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது! உரிமத்தைக் கேட்டு வாங்கியதால் கிடைத்தது அது.

#7 கல்மலர்

மியூனிக், பிராங்க்ஃபர்ட் வழக்குகளை நான் அறிந்திருக்கவில்லை. கையெழுத்து பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் இன்னொரு பயம் இருக்கிறது. வலு உண்டு என்று தெரிந்ததும் அதைத் தொழிலாக்கியவர்களும் உண்டு. ஜெர்மனியில் ஒரு லினக்ஸ் பங்களிப்பாளர் நிறுவனம் நிறுவனமாக வழக்குத் தொடுத்தார். திருத்தம் கேட்பதைவிடப் பணம் பெறுவதே நோக்கம் என்று அவருடன் வேலை செய்தவர்களே சொல்லி, 2016-இல் நெட்ஃபில்டர் மையக் குழுவிலிருந்து அவரை இடைநீக்கம் செய்தார்கள். ஒரு சிறு மீறல், ஒரு நோட்டீஸ், ஒரு தொகை. இதுவா உரிமத்தை நிலைநாட்டுவது?

#8 ஒளிவாங்கி

கல்மலர் சொல்வது நிரலில் மட்டும் நடப்பதல்ல. நான் புகைப்படம் எடுப்பவள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் பொது உரிமம்) படங்களை வெளியிடுகிறேன், பிறர் படங்களையும் பயன்படுத்துகிறேன். ஒரு கட்டுரையில் ஒரு படத்தைப் போட்டு, எடுத்தவர் பெயரையும் எழுதினேன். உரிமத்துக்கான இணைப்பை விட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் தொகை கேட்டு ஒரு கடிதம் வந்தது. பழைய பதிப்பு உரிமம் அது. மீறினால் அந்த நொடியே உரிமம் போய்விடும், சரிசெய்ய அவகாசம் கிடையாது. அன்று இரவு நான் தூங்கவில்லை. 2013-இல் வந்த 4.0 பதிப்பில், மீறலை அறிந்த 30 நாளுக்குள் திருத்திவிட்டால் உரிமம் தானாகத் திரும்பக் கிடைக்கிறது. என் படங்கள் எல்லாவற்றையும் அன்றே 4.0-க்கு மாற்றிவிட்டேன்.

அதே நேரம், கேட்காமலே இருக்கச் சொல்லவும் மாட்டேன். 2006-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு வழக்கு. ஆடம் கறி என்ற ஒலிபரப்பாளர் தன் குடும்பப் படங்களை வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும் என்று இணையத்தில் போட்டிருந்தார். ஒரு வார இதழ் அவற்றை அச்சிட்டுவிட்டது. உரிமம் கட்டுப்படுத்தும் என்றது நீதிமன்றம். நடந்ததற்கு இழப்பீடு தரவில்லை. இனி மீறினால் படத்துக்கு 1,000 யூரோ என்றது. அளவான தீர்ப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

#9 வழக்குரை

சகோதரி ஒளிவாங்கி சொன்ன அவகாசம்தான் இந்த விவாதத்தின் நடுநரம்பு. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு 2007-இல் அதைக் கொண்டுவந்தது: மீறலை நிறுத்தியபின் 60 நாளுக்குள் உரிமையாளர் புகார் சொல்லாவிட்டால் உரிமம் நிலையாகத் திரும்பிவிடும்; முதல் முறை நோட்டீஸ் பெறுபவர் 30 நாளுக்குள் சரிசெய்தாலும் திரும்பிவிடும். கல்மலர் குறிப்பிட்ட அந்த வழக்குகளுக்குப் பிறகு, 2017 அக்டோபரில் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் உருவாக்குநர்கள் பலர், இரண்டாம் பதிப்பில் இருக்கும் தங்கள் நிரலுக்கும் இதே அவகாசத்தைத் தருவதாக அறிக்கை வெளியிட்டார்கள். தறிநூல், நீங்களும் அதையே செய்யலாம். நோட்டீஸில் அதை எழுதினால், நீங்கள் கேட்பது திருத்தம்தான் என்பது முதல் வரியிலேயே விளங்கிவிடும்.

இனி, கேட்கக் கசப்பான இரண்டு கேள்விகள். லைப்ரரியில் உங்களைத் தவிர வேறு யார் எழுதியிருக்கிறார்கள்? அதை எழுதிய காலத்தில் எங்காவது வேலையில் இருந்தீர்களா? வழக்குத் தொடரும் உரிமை பதிப்புரிமை உடையவருக்குத்தான். வேலையின் பகுதியாக எழுதியிருந்தால் பெரும்பாலான சட்டங்களில் உரிமையாளர் முதலாளிதான். அப்படியானால் நோட்டீஸ் அனுப்ப உங்களுக்கே அருகதை இருக்காது.

காலத்தைப் பற்றியும் ஏமாற்ற விரும்பவில்லை. பிரான்ஸில் ஆந்த்ருவேர் என்ற சிறிய நிறுவனம், லாஸோ என்ற தன் ஜிபிஎல் லைப்ரரிக்காக ஆரஞ்ச் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தோடு வழக்காடியது. 2011-இல் தொடக்கம். இது ஒப்பந்த விவகாரம், பதிப்புரிமை மீறலாக வழக்காட முடியாது என்று கீழே இரண்டு கட்டங்களிலும் தள்ளினார்கள். 2022-இல் உச்ச நிலை நீதிமன்றம் அந்த வாசலைத் திறந்தது. 2024 பிப்ரவரியில்தான் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 5 லட்சம் யூரோ இழப்பீடும், நற்பெயர் உள்ளிட்ட சேதத்துக்கு 1.5 லட்சம் யூரோவும் தரச் சொன்னது. பதின்மூன்று ஆண்டு. வென்றார்கள், ஆனால் பதின்மூன்று ஆண்டு!

ஒரே உரிம உரை. ஒரு நாட்டில் அது அனுமதி, இன்னொன்றில் ஒப்பந்தம், சில இடங்களில் இரண்டுமே. கலிஃபோர்னியாவில் 2017-இல் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் பற்றிய வழக்கில் ஜிபிஎல்லை ஒப்பந்தமாகக் கொண்ட வாதத்தையும் தொடர அனுமதித்தார்கள். 2021-இல் விஸியோ டிவியை வாங்கிய ஒரு அமைப்பு, நிரலை எழுதியவராக அல்ல, வாங்கியவராகவே மூல நிரல் கேட்டு வழக்குத் தொடுத்தது. நீதிமன்றத்துக்குள் யார் நுழையலாம் என்பதே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் சட்டம்.

#10 மட்டுறுத்துநர்

நிறுவனத்தின் பெயரைக் கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தறிநூல் பெயரைச் சொல்லாமல் எழுதுவது சரியான முடிவு, அதை மதிப்போம்.

#11 பொறுப்பாளர்

அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுதுகிறேன்.

நான் முன்பு வேலைபார்த்த நிறுவனத்துக்கு இப்படி ஒரு கடிதம் வந்தது. கொடுமைக்காரர்கள் யாரும் அங்கு இல்லை. சிப் தயாரித்தவர் தன் மேம்பாட்டுத் தொகுப்பைக் கொடுத்தார். அதில் அந்த நிரல் இருந்தது. ஒப்பந்தப் பொறியாளர் ஒருவர் அதைத் தொகுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டிக்குள் என்னென்ன நிரல் இருக்கிறது என்ற பட்டியல் ஒருவரிடமும் இல்லை. முதல் இரண்டு மின்னஞ்சல்களும் உதவிப் பிரிவில், ‘தயாரிப்புக் குறை’ என்ற தலைப்பின்கீழ்க் கிடந்தன. எங்களிடம் வந்துசேரவே இல்லை.

மூன்றாவது, சட்டப் பிரிவின் முகவரிக்குப் பதிவுத் தபாலில் வந்தது. ஒன்றரைப் பக்கம். எந்தச் சாதனம், எந்த ஃபர்ம்வேர் எண், எந்தக் கோப்பு, உரிமத்தின் எந்தப் பிரிவு, என்ன செய்தால் தீரும், எத்தனை நாளுக்குள். வசை ஒரு சொல் இல்லை. எங்கள் வழக்கறிஞர் படித்துவிட்டு, ‘விற்பனையை நிறுத்தச் சொல்லித் தடையாணை வந்தால் தாங்குவீர்களா?’ என்று மட்டும் கேட்டார். இழப்பீட்டுத் தொகையை யாரும் பொருட்படுத்தவில்லை. கிடங்கில் இருந்த பெட்டிகள்தான் எல்லோர் கண்ணிலும் தெரிந்தன. பதினெட்டு நாளில் நிரலை வெளியிட்டோம்.

அந்தப் பயம் வீணானதல்ல. 2010-இல் பிஸிபாக்ஸ் என்ற ஜிபிஎல் நிரல் பற்றிய வழக்கில் வெஸ்டிங்ஹவுஸ் டிஜிட்டல் நிறுவனம் பதிலே சொல்லாமல் இருந்தபோது, நியூயார்க் நீதிமன்றம் பரப்பத் தடை விதித்து, 90,000 டாலரும் தரச் சொல்லி, அந்த நிரல் இருந்த கையிருப்பு டிவிகளையும் வழக்காடியவர்களிடம் ஒப்படைக்கச் சொன்னது.

#12 தறிநூல்

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன்.

வழக்குரை ஐயாவின் கேள்விகளுக்கு முதலில். என்னைத் தவிர நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். நால்வரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கினேன். வேலையில் சேர்வதற்கு முன் எழுதியது என்பதற்கு நிரல் வரலாற்றில் தேதிகள் இருக்கின்றன. ரூட்டரை வாங்கினேன். பெட்டிக்குள் மூன்று தாள். எதிலும் மூல நிரல் பற்றி ஒரு வரி இல்லை. நெடுஞ்செழி சொன்னபடி ஒப்பிட்டேன்: நாற்பத்தொரு பிழைச்செய்திகளும் அதே வரிசையில்.

பொறுப்பாளர் சொன்ன வடிவத்தில் சட்டப் பிரிவுக்குக் கடிதம் அனுப்பினேன். 30 நாள் அவகாசம் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது, மன்னிப்பும் இருந்தது. முதல் பொதி தொகுக்கவில்லை. இரண்டாவது தொகுத்தது.

அதைப் படித்துக்கொண்டிருந்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். இணைப்பு அறுந்து திரும்பும்போது நினைவகம் கசிகிறது என்று இரண்டு ஆண்டாக ஒருவர் புகார் சொல்லிவருகிறார். எனக்கு அகப்படவே இல்லை. அவர்கள் நிரலில் அதே செயற்கூற்றில் நான்கு வரி கூடுதலாக இருந்தது. மேலே யாரோ ஒரு பொறியாளர் எழுதிய குறிப்பு: வெளியேறும் மூன்றாவது பாதையில் நினைவகத்தை விடுவிக்க மறந்திருக்கிறார்கள் என்று. அவர் பெயரைக் கேட்டு எழுதியிருக்கிறேன், நன்றிப் பட்டியலில் சேர்க்க.

பழைய இரண்டு மாடல்களுக்கான நிரல் இன்னும் வரவில்லை. விற்பனை நின்றுவிட்டது, ஆகவே கடமை இல்லை என்கிறார்கள்.

#13 வழக்குரை

விற்பனை நின்றதால் ஏற்கெனவே பரப்பியது இல்லையென்று ஆகிவிடாது. அந்த மாடல்களின் ஃபர்ம்வேர் இன்னும் அவர்கள் தளத்தில் இறக்கக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் இன்றும் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். தேதியோடு பதிவுசெய்துவிட்டு, அதை முதல் பத்தியில் வைத்து எழுதுங்கள்.

#14 தறிநூல்

இரண்டும் கிடைக்கின்றன. இறக்கி, ஹாஷ் எண்களைக் குறித்துவிட்டேன். எழுத்துப்பிழை இரண்டிலும் இருக்கிறது. கடிதம் நாளைக் காலைத் தபாலில் போகிறது.